நேபாளப் பள்ளியில் பாடம் நடத்தப் போகிறவருக்கு

சம்பளம் வாங்காமல் நேபாளத்துப் பள்ளி ஒன்றில் கொஞ்சநாள் பாடம் நடத்திவிட்டு வரலாம் என்று கிளம்புகிறவர்கள் பலர் அக்டோபருக்கு டிக்கெட் பார்க்கிறார்கள். மழை ஓய்ந்து பனிமலை பளிச்சென்று தெரியும் மாதம்தான். ஆனால் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ தசைன் பண்டிகை வந்துவிடும்; அதன் பின்னாலேயே நம் தீபாவளியை ஒட்டித் திகார். காட்மாண்டுவில் பிழைப்பவர்கள் பிள்ளைகுட்டிகளோடு ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள், பள்ளி பூட்டிக் கிடக்கும். கல்வியாண்டு தொடங்குவது ஏப்ரல் நடுவில், நம் சித்திரைப் பிறப்பை ஒட்டிவரும் அவர்கள் புத்தாண்டுக்குப் பிறகு. சனிக்கிழமை விடுமுறை, ஞாயிறு வகுப்பு என்பது அங்கே நெடுநாள் வழக்கம். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்தும் ஏராளமான பிள்ளைகள் பிழைத்தது அன்று சனிக்கிழமை என்பதால்தான்.

இந்தியக் குடிமக்களுக்கு நேபாளம் போக விசா தேவையில்லை. விமானத்தில் போக பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். மற்ற நாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சுற்றுலா விசாவில் வேலை செய்யக் கூடாது, சம்பளமில்லாத வேலையும் அதில் சேர்த்திதான். 'எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள்' என்று ஏஜென்சி சொன்னால், மாட்டிக்கொள்ளப் போவது ஏஜென்சி அல்ல.

எந்தப் பள்ளி என்பது அடுத்த கேள்வி. அங்கே ஆங்கிலவழித் தனியார் பள்ளியை, விடுதியே இல்லாவிட்டாலும், 'போர்டிங்' என்பார்கள். அரசுப் பணத்தில் நடப்பவை சமுதாயப் பள்ளிகள். பிள்ளைகள் போர்டிங் பக்கம் போய்விடாமல் தடுக்கப் பல சமுதாயப் பள்ளிகளும் ஆங்கிலவழிக்கு மாறியிருக்கின்றன. சிக்கல் அங்கேதான். காலமெல்லாம் நேபாளியில் படித்து நேபாளியில் நடத்திய அறிவியல் ஆசிரியர், இப்போது ஒளிச்சேர்க்கையை ஆங்கிலத்தில் நடத்த வேண்டும். புத்தகத்தில் ஒரு வரி வாசிப்பார், வகுப்பு மொத்தமும் திருப்பிச் சொல்லும், பிறகு நேபாளியில் அர்த்தம் சொல்வார், அடுத்த வரிக்குப் போவார். பத்தாம் வகுப்பில் எஸ்.இ.இ. பொதுத்தேர்வு காத்திருக்கிறது, புத்தகம் முடியாவிட்டால் கேள்வி அவரிடம்தான் வரும்.

இந்த வகுப்புக்குள் மூன்று வாரத்துக்கு ஒரு விருந்தாளி நுழைகிறார். நிறங்களின் பெயர், உடலுறுப்புப் பாட்டு, ஒரு விளையாட்டு. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அவர் போனதும் இன்னொருவர் வருகிறார், மறுபடி அதே பாட்டு. புத்தகம் எங்கே நின்றதோ அங்கேயே நிற்கிறது.

அதனால் என் கட்சி இதுதான்: குறுகிய காலம் மட்டுமே முடியும் என்றால் கரும்பலகைப் பக்கம் போகாதீர்கள், ஆசிரியர் அறைக்குப் போங்கள். நாளைய பாடத்தை அந்த அறிவியல் ஆசிரியரோடு உட்கார்ந்து வாசியுங்கள். உச்சரிப்பு, வகுப்பில் கேட்கக்கூடிய நாலு எளிய கேள்விகள், பக்கத்தில் கிடக்கும் இலையை வைத்தே செய்யக்கூடிய ஒரு சோதனை. நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் அந்த வகுப்பை எடுக்கப் போகிறவர் அவர். வகுப்பையே ஏற்று நடத்த ஆசையிருந்தால் ஒரு கல்வியாண்டாவது தங்குங்கள். 1962இல் நேபாளத்துக்கு ஆள் அனுப்பத் தொடங்கிய அமெரிக்காவின் பீஸ் கோர் அமைப்பில் பயிற்சியும் பணியுமாக 27 மாதம். நேபாளப் பட்டதாரிகளையே கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பும் 'டீச் ஃபார் நேபாள்' திட்டத்தில்கூட இரண்டு வருடம். மொழியும் ஊரும் தெரிந்தவர்களுக்கே அவ்வளவு காலம் வேண்டியிருக்கிறது.

'அனாதை இல்லத்தில் பாடம் நடத்த வாருங்கள்' என்று அழைப்பு வந்தால் மட்டும் யோசிக்காமல் மறுத்துவிடுங்கள். உள்நாட்டுப் போர் நடந்த 1996-2006 காலத்தில், படிக்கவைக்கிறோம் என்று சொல்லி ஹும்லா போன்ற தொலைதூர மலைப்பகுதிகளிலிருந்து பெற்றோரிடம் பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் காட்மாண்டுவுக்குக் கூட்டிவந்து, அனாதைகள் என்று இல்லங்களில் சேர்த்தார்கள் தரகர்கள். நேபாள இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். இல்லங்கள் மிகுதியாக இருக்கும் இடங்களைப் பாருங்கள்: காட்மாண்டு பள்ளத்தாக்கு, பொக்காரா, சித்வன். சுற்றுலாப் பயணிகள் போகும் இடங்களும் அவையே.

ஏஜென்சி வழியாகப் போகிறவர்கள், கட்டும் பணத்தில் பள்ளிக்கு எவ்வளவு போகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்களிடம் போலீஸ் சான்றிதழ் கேட்கிறார்களா என்றும் பாருங்கள். கேட்காமலே சேர்த்துக்கொள்கிற இடத்தில் உங்களுக்கு முன் யார் யார் வந்து போனார்கள் என்பது யாருக்கும் தெரியாது.