நாலு கிளப் கவிழ்ந்தது, இவர் நின்னார்: ஒரு பெரு டிஃபெண்டரின் கரியர் சொல்லும் பணப் பாடம்



"பெரிய கம்பெனி, எங்கயும் போகாது." ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் நம்மில் பலர் சொல்ற டயலாக் இது. இது எவ்வளவு தூரம் உண்மைன்னு பார்க்க, இன்னைக்கு ஒரு ஃபுட்பால் பிளேயரோட கரியரை எடுத்துக்கலாம்.

பேர் லூயிஸ் அட்வின்குலா. பெரு நாட்டுக்காரர், 1990-ல் சின்சா ஆல்டாவில் பிறந்தவர். ஆடறது ரைட் பேக், அதாவது வலது ஓர டிஃபெண்டர். பெரிய பலம் வேகம்.

ஆறு வருஷம், ஒன்பது நாடு

2012-ல் லிமாவின் ஸ்போர்ட்டிங் கிறிஸ்டல் கிளப்பை விட்டு உக்ரைனின் தாவ்ரியா சிம்ஃபெரோபோல் அணிக்குப் போனார். அப்புறம் ஜெர்மனி, பிரேசில், மறுபடி பெரு, போர்ச்சுகல், துருக்கி, அர்ஜென்டினா, மெக்சிகோ, 2018-ல் ஸ்பெயின். இதுல பல மாற்றங்கள் 'லோன்'.

நமக்கு லோன்னா இஎம்ஐ ஞாபகம் வரும். ஃபுட்பால்ல லோன்னா, ஒரு கிளப் தன் பிளேயரை இன்னொரு கிளப்புக்குக் கொஞ்ச காலம் இரவல் கொடுக்கறது. சம்பளத்துல யார் பங்கு எவ்வளவுன்னு ரெண்டு கிளப்பும் பேசி முடிவு பண்ணும். ஒப்பந்தம் ஒரு இடம், வேலை இன்னொரு இடம்.

பழைய முதலாளிகள் என்ன ஆனாங்க?

- தாவ்ரியா: 1992-ல் உக்ரைன் லீக்கின் முதல் சாம்பியன். 2014-ல் ரஷ்யா கிரிமியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்ட பிறகு அந்த கிளப் கலைக்கப்பட்டது.
- விட்டோரியா செதுபல்: 2020-ல் நிதி நிபந்தனைகளைப் பூர்த்தி பண்ண முடியாம, போர்ச்சுகலின் முதல் டிவிஷனிலிருந்து நேரா மூன்றாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்டது.
- புர்சாஸ்போர்: 2010-ல் துருக்கி சாம்பியன். 2024-ல் நான்காம் டிவிஷன்.
- லோபோஸ் புவாப்: மெக்சிகோ முதல் டிவிஷனில் இருந்த இதோட இடம் 2019-ல் விற்கப்பட்டு, ஹுவாரெஸ் அணிக்குப் போச்சு.

நாலும் அவர் கிளம்பின பிறகு நடந்தது. ஆனா ஸ்பெயினில் அவர் ஆடும்போதே, 2018–19 சீசன் முடிவில் ராயோ வயெகானோ இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிடுச்சு. அவர் அங்கேயே இருந்தார். 2021-ல் ராயோ மறுபடி முதல் டிவிஷனுக்கு ஏறிச்சு. அதே வருஷம் அவர் அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸுக்குப் போனார். 2022-ல் லீக் சாம்பியன்.

அவரைத் தாங்கினது எது?

தொடர்ந்து ஆடினது. 2018-ன் முதல் பாதியில் அவர் இருந்தது லோபோஸ் புவாப் மாதிரி சின்ன கிளப்பில். ஆனா 36 வருஷத்துக்கு அப்புறம் பெரு உலகக் கோப்பைக்குப் போனப்போ, அணியோட மூணு மேட்ச்சிலும் அவர் ஆடினார். பெரிய பேனர்ல பெஞ்சில் உட்கார்ந்திருந்தா கைத்திறன் துருப்பிடிக்கும். சின்ன இடத்துல தினமும் ஆடறவனை அடுத்த கிளப் கவனிக்கும்.

சறுக்கலும் உண்டு. 2022 ஜூன், கத்தார். அந்த வருஷ உலகக் கோப்பைக்கான கடைசி பிளே-ஆஃப், எதிரணி ஆஸ்திரேலியா. பெனால்டி ஷூட் அவுட்டில் அவர் அடிச்ச பந்து போஸ்ட்டில் பட்டுச்சு. பெரு 5-4-ல் தோத்து, உலகக் கோப்பை வாய்ப்பு போச்சு. 2023 நவம்பரில் ரியோவின் மரக்கானா மைதானத்துல கோபா லிபர்ட்டடோரஸ் இறுதிப் போட்டி. 72-வது நிமிஷம் ஃப்ளுமினென்ஸ் அணிக்கு எதிரா போகாவுக்குச் சமன் செஞ்ச கோல் அவரோடது. எக்ஸ்ட்ரா டைமில் போகா 2-1-ல் தோத்தாலும், அடுத்த பந்தை அடிக்க அவர் பயப்படலைன்னு தெரிஞ்சுது.

சரி, நம்ம பாக்கெட்டுக்கு?

1. சம்பளமும் சேமிப்பும் ஒரே கூடையில் வேண்டாம். வேலை பார்க்கும் கம்பெனியோட ஷேர்லயே எல்லாப் பணமும் இருந்தா, கம்பெனி சறுக்கும்போது ரெண்டும் சேர்ந்தே போகும்.
2. ஆறு மாசச் செலவுக்கான பணத்தைத் தனியா வைங்க. இந்தப் பணம் இருந்தாதான் பிடிக்காத ஆஃபருக்கு "வேணாம்"னு சொல்ல முடியும். கம்பெனி இன்ஷூரன்ஸ் வேலையோட போயிடும், அதனால சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசி எடுங்க.
3. ஆஃபர் வந்தா சிடிசி-யோட இன்னொரு கேள்வியும் கேளுங்க: "இங்க எனக்கு ஆட இடம் கிடைக்குமா?" ரெண்டு வருஷம் பெஞ்சில் இருந்தா, மூணாவது வருஷ ஹைக் பேசும்போது கையில சரக்கு இருக்காது.

டிஃபெண்டரோட சம்பாதிக்கும் காலம் சுமார் பதினைஞ்சு வருஷம். நமக்கு முப்பதுக்கு மேல இருக்கலாம். அத்தனை வருஷமும் ஒரே கம்பெனி நிக்கும்னு நம்பி இருபது வருஷ இஎம்ஐ போடறதுக்கு முன்னாடி, இந்த நாலு கிளப் பேரையும் ஒரு தடவை நினைச்சுக்கோங்க.

உங்க கம்பெனி நாளைக்கே மூடினா, எத்தனை மாசம் தாங்குவீங்க? கணக்குப் போட்டு அந்த நம்பரை மட்டும் கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவுல அதை வெச்சே பேசலாம்.