கப்பல் சுருங்கும், தண்ணீர் சுருங்காது

குளுவாங்கிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜெர்மன் நாசகாரிக் கப்பல் ஒன்றை நூற்றில் ஒரு பங்கு அளவில், எட்டு மாதம் உட்கார்ந்து செய்திருக்கிறார். பித்தளைக் கம்பியில் கைப்பிடி வேலி, ஊசிமுனை அளவுக்கு விளக்குகள், எல்லாம் கணக்காக. ஏரியில் விட்டுக் கைப்பேசியில் படம் பிடித்தார். நிற்கும்போது கப்பல்; ஓட விட்டால் பொம்மை. “எங்கே தப்பு செய்தேன் சார்?” என்று கேட்கிறார்.

தப்பு அவருடையது அல்ல. கப்பலை நூறு மடங்கு சுருக்கியவரால் புவியீர்ப்பைச் சுருக்க முடியவில்லை, தண்ணீரையும்தான்.

ஒரு தாத்தா பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு ஜொகூர் பாரு ராஜமாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாத்தாவின் கால் நீளம் 90 சென்டிமீட்டர், பேத்தியின் கால் 40. தாத்தா நிமிடத்துக்கு 100 அடி வைத்தால் பேத்தி எத்தனை வைப்பாள்? கால் இரண்டேகால் மடங்கு குட்டை. ஆனால் அடிகள் இரண்டேகால் மடங்கு ஆவதில்லை. அதன் வர்க்கமூலம்தான் கணக்கு: ஒன்றரை மடங்கு, 150 அடி. கால் ஓர் ஊசல். ஊசல் முன்னே போய்த் திரும்பும் நேரம் அதன் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். பேத்திக்கு இயல்பான நடை வேகமும் தாத்தாவின் வேகத்தில் ஒன்றரையில் ஒரு பங்குதான். பூசைக்கு நேரமாகிவிட்டது என்று தாத்தா கொஞ்சம் எட்டிப் போட்டால், அவர் இன்னும் நடந்துகொண்டிருப்பார், குழந்தை ஓடத் தொடங்கியிருக்கும்.

அதே தாத்தாவை நூற்றில் ஒரு பங்காக்கினால் கால் ஒன்பது மில்லிமீட்டர். அடிகள் பத்து மடங்கு, நிமிடத்துக்கு ஆயிரம். அதைப் பார்த்தால் மனிதர் நடப்பதாகத் தோன்றாது, எறும்பு பரபரப்பதாகத்தான் தோன்றும். வாசகரின் ஏரியில் நடந்தது இதுதான். பத்து வினாடிக்கு ஒருமுறை இடமும் வலமும் சாய்ந்தெழும் கப்பலின் மாதிரி, ஒரே வினாடியில் சாய்ந்து எழுந்துவிடுகிறது. பொருள் சிறியது என்பதைக் கண் கண்டுபிடிப்பது அளவை வைத்தல்ல, அவசரத்தை வைத்து.

கப்பலுக்குக் கால் எது? அது கிளப்பும் அலை. கடலில் நீளமான அலை வேகமாக ஓடும், குட்டை அலை மெதுவாக ஓடும், இங்கேயும் வர்க்கமூலம்தான். கப்பல் ஓடும்போது தன்னோடு அதே வேகத்தில் வரும் ஓர் அலையை உண்டாக்கிக்கொள்கிறது. ஜெர்மனியின் 1936ஏ ரக நாசகாரி 127 மீட்டர் நீளம். மணிக்கு 36 கடல்மைல் ஓட வேண்டும் என்று வடிவமைத்தார்கள். அந்த வேகத்துக்குரிய அலை ஏறத்தாழ 220 மீட்டர். கப்பலின் நீளத்தை அலை தாண்டிவிட்டதால், தானே எழுப்பிய மேட்டில் தானே ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறத்தாழ 27 கடல்மைல் வரை அலையும் கப்பலும் ஒத்துப்போகும். அதற்கு மேல் ஒவ்வொரு கடல்மைலுக்கும் குதிரைத்திறனைக் கொட்ட வேண்டும். 70,000 குதிரைத்திறன் அங்கேதான் போனது. தாத்தாவுக்கு ஈடுகொடுக்க ஓடும் பேத்தியின் மூச்சிரைப்பும் இதுவே.

இப்போது மாதிரியின் கணக்கு. வேகத்தைப் பத்தால் வகுக்க வேண்டும்: வினாடிக்கு 1.85 மீட்டர், விறுவிறுவென்று நடக்கும் ஆளின் வேகம். எடையைப் பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும்: முழுச் சுமையோடு சுமார் 3,600 டன் கப்பல், 3.6 கிலோ. திறனை ஒரு கோடியால்: 70,000 குதிரைத்திறன் வெறும் ஐந்து வாட் ஆகிவிடுகிறது! ஒரு சிறிய எல்.இ.டி. பல்பு தின்னும் மின்சாரம். உராய்வுக்காகக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். தொலைவியக்கப் பொம்மைகளின் பெட்டியில் ‘ஸ்கேல் வேகம்’ என்று மணிக்கு முந்நூறு, நானூறு கிலோமீட்டர் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். உண்மை வேகத்தை அளவு விகிதத்தால் அப்படியே பெருக்கிய எண் அது. தண்ணீர் அந்தப் பெருக்கலை ஏற்பதில்லை.

இந்த வர்க்கமூல விதியைக் கப்பலுக்குப் பொருத்தியவர் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயர். 1871-இல் கிரேஹவுண்ட் என்ற உண்மைக் கப்பலையே கட்டியிழுத்துச் சோதித்தார். டார்க்கியில் தம் வீட்டருகே தொட்டி கட்டி மெழுகு மாதிரிகளை இழுத்தார். வரலாறு இந்த அளவுக்குப் போதும்.

ஏனென்றால் அந்தத் தொட்டியின் வாரிசு நம் ஜொகூரிலேயே இருக்கிறது. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கடல்சார் தொழில்நுட்ப மையத்தில் உள்ள இழுவைத் தொட்டி 120 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் ஆழம். மேலே தண்டவாளத்தில் ஓடும் வண்டி வினாடிக்கு 5 மீட்டர் வரை மாதிரியை இழுக்கும். நம் ஜெர்மன் கப்பலை முப்பதில் ஒரு பங்காக, நாலேகால் மீட்டரில் செய்து அங்கே விட்டால், முழு வேகத்துக்கு வினாடிக்கு 3.4 மீட்டர் போதும். 120 மீட்டரும் 35 வினாடியில் முடிந்துவிடும். வேகம் பிடிப்பதற்கும் நிறுத்துவதற்கும் தூரத்தைக் கழித்தால், அளவு எடுக்கக் கிடைப்பது அதிலும் குறைவு. பிறகு தண்ணீர் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். எஞ்சிய சிற்றலை ஒன்று போதும், அடுத்த ஓட்டத்தின் அளவு கெட்டுவிடும்.

வேகம் மட்டுமா? மாதிரிக்குள் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பார்க்கிறார்கள். அதற்கு மாதிரியைத் தொங்கவிட்டோ தாங்கியில் வைத்தோ ஆட்டி, ஆடும் நேரத்தை அளப்பார்கள். பேத்தியின் கையில் தேங்காய்ப் பையைக் கொடுத்தால் போதும். மார்போடு அணைத்துக்கொண்டால் துள்ளுவாள். கையை நீட்டிப் பிடித்தால் ஒவ்வொரு அடிக்கும் முன்னே குனிவாள். ஜெர்மன்காரர்கள் தங்கள் கப்பலுக்குச் செய்தது இரண்டாவதை.

12.7 சென்டிமீட்டர் பீரங்கி போதாதென்று 1936ஏ ரகத்தில் 15 சென்டிமீட்டர் பீரங்கிகளை ஏற்றினார்கள். முன்பக்கம் இரட்டைப் பீரங்கிக் கோபுரம். முனையில் அவ்வளவு எடை இருந்தால், ஓர் அலையில் குத்திய மூக்கு அடுத்த அலை வருவதற்குள் எழாது. தளத்தின் மேல் தண்ணீர் ஏறும். 28 கிலோ குண்டு 45 கிலோ ஆகிவிட்டது. ஆடும் தளத்தில் அதை ஆள் தூக்கி வைக்க வேண்டும். இந்தக் கப்பல்களை ஜெர்மன் பொறியியலின் உச்சம் என்று காட்டும் ஆவணப்படங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிரிட்டிஷ் நாசகாரிகளின் கொதிகலன்கள் ஏறத்தாழ 20 வளிமண்டல அழுத்தத்தில் நிம்மதியாக ஓடின. ஜெர்மன் கொதிகலன்கள் 70-ஐத் தொட்டு, அடிக்கடி பழுதாகிப் படுத்தன. 1943 டிசம்பர் 28 அன்று பிஸ்கே விரிகுடாவில் கடல் கொந்தளித்தது. கிளாஸ்கோ, எண்டர்பிரைஸ் என்ற இரண்டே பிரிட்டிஷ் கப்பல்கள், ஐந்து நாசகாரிகளும் ஆறு டார்பிடோப் படகுகளும் கொண்ட ஜெர்மன் அணியோடு மோதி, 1936ஏ ரக இசட்27 உட்பட மூன்றை மூழ்கடித்தன. காகிதத்தில் பலம் ஜெர்மன் பக்கம்தான் இருந்தது.

வாசகர் அடுத்ததாக நம் கடலில் மூழ்கிய கப்பலைச் செய்யப்போவதாக எழுதியிருக்கிறார்: 1942 ஜனவரி 27 விடியலுக்கு முன், ஜொகூரின் எண்டாவ் அருகே ஜப்பானியர் மூழ்கடித்த பிரிட்டிஷ் நாசகாரி தானெட். தானெட்டும் புதிதில் 36 கடல்மைல் கப்பல். ஆனால் நீளம் 84 மீட்டர்தான். அதே 220 மீட்டர் அலை இதற்கு இரண்டரை மடங்குக்கும் மேல். ஆகவே இரண்டு மாதிரிகளையும் ஒரே வேகத்தில் பக்கம் பக்கமாக விட்டுப் பாருங்கள். சின்னது பின்பக்கம் எப்படி அமுங்குகிறது என்று தெரியும்.

அவருக்கு என் பதில் இது. ஈயக் கட்டிகளை நடுவில் குவிக்காதீர்கள். உண்மைக் கப்பலில் எங்கே எடையோ அங்கே வையுங்கள். நடை வேகத்துக்கு மேல் விடாதீர்கள். வினாடிக்கு 240 சட்டங்கள் எடுத்து, 24-ஆக ஓட்டிப் பாருங்கள். நேரம் சரியாகப் பத்து மடங்கு விரியும். சாய்வதும் எழுவதும் கப்பலுக்குரிய நிதானத்தில் நடக்கும். மூக்கு அலையைக் குத்தித் தண்ணீரை அள்ளிப் போடுவதுகூடச் சரியாக இருக்கும்.

பிறகு மூக்கிலிருந்து தெறிக்கும் துளிகளைப் பாருங்கள். பரப்பிழுவிசை நம் விகிதத்தை அறியாது. ஏரியில் துளி மூன்று மில்லிமீட்டர் உருண்டையாகத்தான் வரும். உங்கள் கப்பல் கணக்கில் அது முப்பது சென்டிமீட்டர். தளத்தில் நிற்கும் குட்டி மாலுமிகளின் மேல் தர்பூசணி தர்பூசணியாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்.