ராஜ்தூத் 350

ராஜ்தூத் 350 என்பது ஜப்பானின் யமஹா ஆர்டி 350பி வண்டியின் இந்திய வடிவம் ஆகும். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் இதை ஃபரிதாபாத்தில் தயாரித்தது. 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் என்ஜின், 6 கியர். ஜப்பானிய வண்டியின் முன்சக்கரத்தில் இருந்த டிஸ்க் பிரேக் இங்கே டிரம் பிரேக்காக மாறியது. அந்தச் சிக்கனம் மலைப்பாதையில்தான் உறைக்கும்.

தேனி, கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கேரள எல்லைக்குச் செல்லும் போடிமெட்டு, குமுளி சாலைகளில் ஏறுவது இவ்வண்டிக்கு எளிது. இறங்குவதே கடினம். ஆக்சிலேட்டரை மூடினாலும் டூ ஸ்ட்ரோக் என்ஜின் வண்டியை அதிகம் இழுத்துப் பிடிக்காது. சுமை பிரேக்கின் மேல் விழும். தொடர்ந்து அழுத்தினால் டிரம் சூடேறிப் பிடி தளரும். டிஸ்க் பிரேக் மாட்டிக்கொள்வோரும் உண்டு.

இன்னொரு ஆபத்து வெளியே தெரியாதது. ஆட்டோலூப் பம்ப் அனுப்பும் ஆயிலின் அளவு ஆக்சிலேட்டரின் திறப்பையும் சார்ந்தது. அதை மூடியபடி, குறைந்த கியரில் என்ஜின் வேகமாகச் சுழல நெடுந்தூரம் இறங்கினால் பிஸ்டனுக்கு ஆயில் குறைந்து, என்ஜின் 'சீஸ்' ஆகலாம். இடையிடையே ஆக்சிலேட்டரைச் சற்றுத் திறந்துவிட வேண்டும்.

பதினைந்து ஆண்டு கடந்த வண்டி என்பதால், பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் புதுப்பிக்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் மத்திய விதிப்படி 50 ஆண்டு கடந்தவையே 'விண்டேஜ்' வாகனங்கள். முதல் ராஜ்தூத் 350க்கும் அத்தகுதி 2033இல்தான்.