கிளட்ச் மெத்தென்று இறங்குகிறதா? காற்று புகுந்த வழியைத் தேடுங்கள்!

கழுகுமலையில் உளுந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்குக் கிளம்புகிறது ஒரு பிக்கப் வண்டி. கிளட்சை மிதித்தால், பஞ்சு மூட்டையில் கால் வைத்ததுபோல பெடல் உள்ளே போகிறது. முதல் கியர் 'கறகற'வென்று அடம்பிடிக்கிறது.

"கிளட்ச் பிளேட் போச்சு" என்று பதற வேண்டாம். பிளேட் தேய்ந்தால் அறிகுறியே வேறு: இன்ஜின் உறுமும், வண்டி இழுக்காது. பெடல் மெத்தென்று இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றைத்தான்.

காற்று என்ன செய்யும்?

ஹைட்ராலிக் கிளட்ச்சில் கேபிள் கிடையாது. பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள ஆயில், குழாய் வழியாக கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும். அழுத்தினால் ஆயில் சுருங்காது, காற்று சுருங்கும். இடையில் காற்றுக் குமிழி இருந்தால், நம் மிதி அதைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடும். கிளட்ச் முழுதாக விடுபடாது.

ஏர் எடுப்பது எப்படி?

இதற்கு இரண்டு பேர் வேண்டும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

* டப்பாவின் மூடியில் டாட் 3, டாட் 4 என எது போட்டிருக்கிறதோ அந்த ஆயிலையே நிரப்புங்கள். இன்ஜின் ஆயில் ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.
* ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில் ஒட்டியிருக்கும் கரிசல் சேற்றைத் துடையுங்கள். கண்ணாடி போன்ற டியூபை அதில் மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள்.
* "மிதிங்க அண்ணாச்சி... அப்படியே பிடிங்க!" மேலே இருப்பவர் பெடலை அமுக்கிப் பிடிக்க, கீழே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்று திறக்க வேண்டும். குமிழியோடு ஆயில் வரும்.
* நிப்பிளை மூடிய பிறகே "விடுங்க" என்று சொல்ல வேண்டும். முந்திக் காலை எடுத்தால், காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

குமிழி நிற்கும்வரை இதையே தொடருங்கள். இடையிடையே டப்பாவில் ஆயில் ஊற்றுங்கள். அது வற்றினால் புதுக் காற்று நுழைந்துவிடும். வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றக் கூடாது. அது பெயின்ட்டை அரிக்கும். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவி, டாக்டரைப் பாருங்கள்.

வேலை முடிந்ததா?

பெடல் இறுகிவிட்டது, ரிவர்ஸ் கியர் சத்தமில்லாமல் விழுகிறது. ஆனாலும், காற்று தானாக வராது. ஆயில் கசிந்த வழி எங்கேயோ இருக்கும். ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள், ஹோஸ் இணைப்புகளில், உள்ளே பெடல் பக்கத்தில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சீல் கிட்டையோ ஹோஸையோ மாற்றியே ஆக வேண்டும்.

பல வண்டிகளில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ஆயில் டப்பாதான். அப்படிப்பட்ட வண்டியில் ஆயில் குறைந்துகொண்டே போனால், அது பிரேக்குக்கும் ஆபத்து. மூட்டை ஏற்றும் முன்பே டப்பாவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்!