மீன்தொட்டி மோட்டாரும் குறைமாதக் குழந்தையின் மூச்சும்

ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கப் பழைய, எளிய வழி ஒன்று உண்டு. விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தை முடிபோல் மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி வேகமாகச் சுழற்றினால், சிவப்பணுக்கள் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். குழாயில் சிவப்பு எவ்வளவு நீளம் என்று அளந்தால் விடை கிடைத்துவிடும். ஆனால் சுழற்றுவதற்கு சென்ட்ரிஃபியூஜ் என்ற இயந்திரம் வேண்டும். அதன் விலை அதிகம்; மின்சாரம் இல்லாவிட்டால் ஓடாது. மின்சாரம் இல்லாத ஊரில் இந்தச் சோதனையை எப்படிச் செய்வது? அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில், இளநிலை மாணவர்களுக்கு இது பாடத்தின் ஒரு பகுதியாகவே தரப்பட்டது.

இரண்டு மாணவிகள் சமையலறையில் விடை தேடினார்கள். கழுவிய கீரையின் ஈரத்தை உதறுவதற்கு அமெரிக்க வீடுகளில் ஒரு பிளாஸ்டிக் பாத்திரம் இருக்கும். மேலே உள்ள குமிழை அழுத்த அழுத்த உள்கூடை சுற்றும். அந்தக் கூடைக்குள் சீப்பு, தயிர் டப்பா, பிளாஸ்டிக் மூடி ஆகியவற்றை ஒட்டி, ஒரே தடவையில் 30 ரத்தக் குழாய்களைச் சுழற்றும்படி செய்தார்கள். செலவு சுமார் 30 டாலர். 2010 கோடையில் அந்தக் கருவி ஈக்வடார், ஸ்வாசிலாந்து, மலாவி ஆகிய நாடுகளுக்குச் சோதனைக்குப் போனது. மாணவிகளில் ஒருவர் சமூகவியல் படித்தவர், மற்றவர் அரசியல் அறிவியல். பொறியியல் இருவருக்குமே முதன்மைப் பாடம் அல்ல.

அவர்களை ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது 'உலக நலவாழ்வுத் தொழில்நுட்பங்கள்' என்ற மைனர் படிப்பு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேஜர் என்ற முதன்மைப் பாடத்துடன், விருப்பப்பட்டால் சில பாடங்களைத் தொகுத்து மைனராகவும் எடுக்கலாம். நம் கலை, அறிவியல் கல்லூரிகளின் 'அலைடு' பாடங்களுக்குக் கொஞ்சம் நெருக்கமானது. ஆனால் அலைடு பெரும்பாலும் மேஜரை ஒட்டியே அமையும். இந்த மைனருக்கு எந்தத் துறை மாணவரும் வரலாம்.

இதன் தொடக்கம் 2006-ல். உயிர்மருத்துவப் பொறியியல் பேராசிரியர் ரெபெக்கா ரிச்சர்ட்ஸ்-கோர்ட்டம், ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனத்தின் நிதியுதவியோடு, ஏழை நாட்டு மருத்துவமனைகளின் சிக்கல்களை இளநிலை வகுப்புக்குக் கொண்டுவந்தார். பொறியியல் பேராசிரியர் மரியா ஓடன் அவருடன் சேர்ந்தார். அந்த முயற்சி பின்னாளில் 'ரைஸ் 360' என்ற நிறுவனமாக வளர்ந்தது. படிப்பின் போக்கு எளிமையானது. ஏழை நாடுகளில் மக்கள் எந்த நோயால் இறக்கிறார்கள், அங்குள்ள மருத்துவமனைகள் எப்படி நடக்கின்றன என்பது முதலில். கருவி வடிவமைப்பு அதற்கடுத்து. முடிவில் குழுவாகச் சேர்ந்து, உண்மையான மருத்துவமனை ஒன்று கேட்ட உண்மையான கருவியைச் செய்ய வேண்டும். கோடை விடுமுறையில் சிலர் அந்த மருத்துவமனைகளுக்கே பயிற்சிக்குப் போவார்கள். கருவிகள் உருவாகும் பட்டறை 2009-ல் திறக்கப்பட்டது. முன்பு மாணவர்களுக்கு உணவு சமைத்த மையச் சமையற்கூடம்தான் அந்தக் கட்டடம். இன்றும் அதன் பெயர் 'டிசைன் கிச்சன்'.

இப்படி ஒரு படிப்பு எதற்கு? வளர்ந்த நாடுகளில் ஏற்கெனவே நல்ல கருவிகள் இருக்கின்றன. வாங்கி அனுப்பினால் போதாதா?

போதாது. அனுப்பிய கருவிகள் என்ன ஆகின்றன என்பதற்குக் கணக்கே இருக்கிறது. 16 வளரும் நாடுகளின் மருத்துவமனைகளில் இருந்த ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கருவிகளின் பட்டியலை ஆராய்ந்து 2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. கிட்டத்தட்ட 40 சதவீதம் வேலை செய்யாமல் கிடந்தன. இயக்கத் தெரிந்தவர் இல்லை, பராமரிக்க ஏற்பாடு இல்லை, மின்சாரமும் தண்ணீரும் சரியில்லை - இவைதான் முதன்மைக் காரணங்கள். மின் அழுத்தம் ஏறி இறங்கும் வார்டில் இன்குபேட்டரின் சர்க்யூட் பலகை எரிந்துபோனால், உதிரி பாகம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வர வேண்டும். வரும் என்ற உறுதியும் இல்லை. இன்குபேட்டர் மூலைக்குப் போய்விடும்.

நல்ல எண்ணமும் நல்ல மூளையும் சேர்ந்துகூட இங்கே தோற்றிருக்கின்றன. டிசைன் தட் மேட்டர்ஸ் என்ற அமெரிக்க அமைப்பு, கார் உதிரி பாகங்களால் ஓர் இன்குபேட்டரை வடிவமைத்தது. காரின் முகப்பு விளக்குதான் சூடு தரும். டாஷ்போர்டு விசிறி காற்றைச் சுற்றும். கார் மெக்கானிக் இல்லாத ஊர் உலகத்தில் குறைவு என்பதால், பழுதானால் அவரே சரிசெய்துவிடுவார் என்பது எண்ணம். அபாரமான யோசனைதான். டைம் பத்திரிகை 2010-ன் சிறந்த கண்டுபிடிப்புகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது. ஆனால் அது தொழிற்சாலைக்குப் போகவே இல்லை. அந்த அமைப்பின் தலைவர் திமோத்தி பிரெஸ்டெரோ பிறகு இதைப் பொதுமேடையிலேயே விளக்கினார்: யார் தயாரிப்பார்கள், யார் வாங்குவார்கள் என்பதைத் தொடக்கத்திலேயே யோசித்திருக்க வேண்டும். அதே அமைப்பு அடுத்து வியட்நாம் நிறுவனம் ஒன்றோடு கைகோத்து, மஞ்சள் காமாலை வந்த பச்சிளம் குழந்தைகளுக்கான நீல ஒளி விளக்கைச் செய்தது. அது மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

ரைஸ் மாணவர்களின் படைப்புகளில் மிகத் தொலைவு பயணித்தது, குறைமாதக் குழந்தைகளுக்கான ஒரு மூச்சுக் கருவி. அதன் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

மலாவி, ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் உள்ள சிறிய, ஏழை நாடு. அதன் பிளான்டயர் நகரில் குவீன் எலிசபெத் மத்திய மருத்துவமனை இருக்கிறது. பெரிய அரசு மருத்துவமனை, நெரிசலும் அதற்கேற்றபடி. அங்கே குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் மூச்சுத் திணறலால் இறந்துகொண்டிருந்தன. மாதம் நிறைந்து பிறக்கும் குழந்தையின் நுரையீரலில், காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான பொருள் ஒன்று சுரந்திருக்கும். முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு அது போதிய அளவு இருக்காது. ஒவ்வொரு மூச்சு விடும்போதும் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும்; அடுத்த மூச்சுக்கு மீண்டும் பிரிக்க வேண்டும். புதுப் பலூனை ஊதும்போது முதல் ஊதலுக்குத்தானே கன்னம் வலிக்கிறது? இந்தக் குழந்தைக்கு எல்லா மூச்சுமே முதல் ஊதல்தான். ஒன்றரைக் கிலோ உடம்பு சில மணி நேரத்தில், அல்லது சில நாளில், களைத்துப்போகும்.

மருந்து தெரிந்ததுதான். மூக்கு வழியாகச் சிறிய, இடைவிடாத அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால் காற்றறைகள் முழுவதும் மூடிக்கொள்ளாது. சிபேப் என்ற இந்த முறை, பிறந்த குழந்தைகளுக்கு 1971 முதலே மருத்துவ இலக்கியத்தில் இருக்கிறது. அதன் மிக எளிய வடிவம் 'பபிள் சிபேப்'. குழந்தைக்குப் போகும் காற்றுக்குழாயின் மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் அமிழ்த்திவிடுவார்கள். ஆறு சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால், ஆறு சென்டிமீட்டர் நீரின் அழுத்தம் குழந்தையின் நுரையீரலுக்குக் கிடைக்கும். மிகுதிக் காற்று குமிழ்களாக வெளியேறும். குமிழ் வருகிறதா என்று தூரத்திலிருந்தே நர்ஸ் பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவு எளிய தத்துவத்துக்கு, பணக்கார நாட்டு மருத்துவமனைகள் வாங்கும் கருவியின் விலை சுமார் 6000 டாலர். கூடவே, சுவரிலிருந்து அழுத்தக் காற்று வரும் குழாய் வசதியும் வேண்டும். அந்த வசதி மலாவியில் எங்கே?

மாணவர் குழு ஒன்று இதைக் கையில் எடுத்தது. காற்றை ஓயாமல் தள்ள மலிவாக என்ன கிடைக்கும் என்று தேடியவர்களுக்கு, மீன்தொட்டியில் காற்று விடும் மோட்டார் அகப்பட்டது. இரவும் பகலும் நிறுத்தாமல் ஓடும்படி செய்யப்பட்டது அது. அத்தகைய இரண்டு மோட்டார்களை, செருப்பு, காலணி எடுத்துவைக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றுக்குள் பொருத்தினார்கள். முதல் மாதிரியின் உருவம் அவ்வளவுதான். சோதித்துப் பார்த்தபோது, அமெரிக்க மருத்துவமனையில் இருக்கும் கருவி தரும் அழுத்தத்தையும் காற்றோட்டத்தையும் இதுவும் தந்தது. செலவோ ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு.

பள்ளிக் கண்காட்சியில் பரிசு வாங்க இது போதும். வார்டுக்குப் போதாது. பிளாஸ்டிக் பெட்டி உலோகப் பெட்டியானது. மின் அழுத்த மாற்றத்தையும் தூசியையும் தாங்க வேண்டியிருந்தது. கலிபோர்னியாவில் உள்ள தேர்டு ஸ்டோன் டிசைன் என்ற நிறுவனம் அதைத் தயாரிக்க முன்வந்தது. 'பூமானி' என்று பெயர் வைத்தார்கள். பிளான்டயர் மருத்துவமனையின் குழந்தைகள் நல மருத்துவர்கள் கொன்ட்வானி கவாசா, எலிசபெத் மோலினோ ஆகியோர் ரைஸ் பேராசிரியர்களுடன் சேர்ந்து நடத்திய ஆய்வு 2014-ல் வெளிவந்தது. கடும் மூச்சுத்திணறலோடு வந்து ஆக்சிஜன் மட்டும் பெற்ற குழந்தைகளில் 44 சதவீதம் பிழைத்தன. சிபேப் பெற்றவற்றில் 71 சதவீதம். மிகக் குறைந்த எடையுள்ள குழந்தைகளிடம் வித்தியாசம் இன்னும் பெரியது: 15 சதவீதத்துக்கு எதிராக 65 சதவீதம். குழந்தைகளின் எண்ணிக்கை 87தான், சிறிய ஆய்வுதான். ஆனாலும் பிறகு மலாவியின் மாவட்ட மருத்துவமனைகளுக்கெல்லாம் கருவியைக் கொண்டுசெல்ல அது அடித்தளமானது.

கருவியை விட்டுவிட்டு வந்தால் எந்தக் குழந்தைக்கு மாட்டுவது என்று யார் முடிவு செய்வார்கள்? பல மாவட்ட மருத்துவமனைகளில் பச்சிளம் வார்டை நடத்துவதே நர்ஸுகள்தான். அவர்களுக்காக மூன்றே கேள்விகள் கொண்ட ஒரு வழிமுறை உருவானது: குழந்தையின் தசைகளில் தெம்பு இருக்கிறதா, மூச்சுவிடத் திணறுகிறதா, இதயத் துடிப்பு நிமிடத்துக்கு நூறுக்கு மேல் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் சிபேப். மோட்டாரைக் கண்டுபிடித்ததற்குக் கிடைத்த கவனம் இந்த மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கவில்லை. உயிர் காப்பதில் இவற்றின் பங்கும் அதற்குக் குறைந்ததல்ல.

இந்த வரிசையில் கசப்பான ஒரு முடிவையும் சேர்த்தே ஆக வேண்டும். அதே மலாவியில், சலிமா மாவட்ட மருத்துவமனையில், 2015 முதல் 2018 வரை இன்னோர் ஆய்வு நடந்தது. இங்கே நோயாளிகள் பச்சிளம் குழந்தைகள் அல்லர்; ஒரு மாதத்துக்கு மேற்பட்ட, ஐந்து வயது நிரம்பாத, கடும் நிமோனியா கண்ட குழந்தைகள். கூடவே எச்ஐவி, ஊட்டச்சத்துக் குறைவு, ஆக்சிஜன் மிகவும் குறைந்த நிலை போன்றவை இருந்தன. சாதாரண ஆக்சிஜன் பெற்றவர்களில் 11 சதவீதம் இறந்தார்கள். பபிள் சிபேப் பெற்றவர்களில் 17 சதவீதம். ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். மருத்துவர் தினமும் அருகிலிருந்து கவனிக்கும் ஏற்பாடு அந்த வார்டில் இல்லை. ஒரு வயதுக் குழுவை, ஒரு சூழலைக் காப்பாற்றிய முறை, இன்னொன்றில் தீங்காக முடிந்தது. இருபது வயது மாணவர் தன் பெட்டியை மேசையில் வைக்கும் முன்பே இந்த ஆய்வைப் படித்திருக்க வேண்டும். இந்தப் படிப்பில் நோய்களும் மருத்துவமனைகளும் வடிவமைப்புக்கு முன்பே வருவதன் பொருள் இதுதான்.

எல்லாக் கருவிகளும் பூமானி அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. குழந்தைக்கு டிரிப்ஸ் ஏற்றும்போது அளவு மீறினால் ஆபத்து. நர்ஸ் ஐம்பது கட்டில்களுக்கு ஓடும் வார்டில் யார் பார்த்துக்கொண்டிருப்பது? ரைஸ் மாணவர் குழு ஒன்று எலிப்பொறியின் சுருள்கம்பியைப் பயன்படுத்தியது. பையின் எடை குறித்த அளவுக்குக் குறைந்ததும் நெம்புகோல் சாய்ந்து, பொறி 'டக்' என்று குழாயைக் கவ்விக்கொள்ளும். மின்சாரமே தேவையில்லை. இன்னொரு குழு செய்தது சிறிய பிளாஸ்டிக் துண்டு ஒன்று. வாய்வழி மருந்து கொடுக்கும் சிரிஞ்சில் அதைச் செருகினால், தண்டு குறித்த கோட்டைத் தாண்டி இழுபடாது. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் குழந்தைக்குச் சரியான அளவு மருந்து கொடுக்கலாம். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி பரவாமல் தடுக்கும் திட்டத்துக்காக ஸ்வாசிலாந்துக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் போயின.

ரைஸ் மட்டுமே இந்த வழியில் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2007-ல் ஒரு வடிவமைப்பு வகுப்பில் மாணவர்களுக்கு மலிவான இன்குபேட்டர் செய்யச் சொன்னார்கள். நேபாளம் போய்ப் பார்த்த மாணவர், நகர மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் காலியாக இருப்பதைக் கண்டார். குழந்தைகள் அங்கு வந்து சேருமுன் கிராமத்திலேயே இறந்துகொண்டிருந்தன. அதனால் குழு கேள்வியையே மாற்றிக்கொண்டது. மெழுகு போன்ற பொருள் அடங்கிய சிறு உறை, ஒருமுறை சூடாக்கினால் சில மணி நேரம் 37 டிகிரியிலேயே நிற்கும். அதைக் குழந்தைப் பைக்குள் வைத்தார்கள். 'எம்பிரேஸ்' என்ற அந்தக் குழு பிறகு பெங்களூரில் வந்து வேலையைத் தொடர்ந்தது.

2022-ல் மட்டும் உலகில் 23 லட்சம் குழந்தைகள் பிறந்த 28 நாட்களுக்குள் இறந்தன. ஒரு மூச்சுக் கருவியால் இந்த எண்ணை அசைக்க முடியாது. குழந்தையைச் சூடாக வைக்க, மஞ்சள் காமாலையை அளக்க, சர்க்கரையைப் பார்க்க, மருந்தை அளந்து ஏற்ற எல்லாமே ஒரே வார்டில் வேண்டும். இந்த எண்ணத்தில் 2019-ல் 'நெஸ்ட் 360' என்ற கூட்டு முயற்சி மலாவி, கென்யா, தான்சானியா, நைஜீரியா ஆகிய நாடுகளில் தொடங்கியது. கருவிகளைத் தொகுத்துத் தருவதோடு, நர்ஸுகளுக்கும் பழுதுபார்க்கும் டெக்னீஷியன்களுக்கும் பயிற்சி தருவதும் அதன் வேலை.

இத்தனைக்கும் நடுவில் ஒரு சங்கடம் நெருடிக்கொண்டே இருந்திருக்கும். பிளான்டயர் குழந்தைக்கான கருவியை ஹூஸ்டனில்தான் யோசிக்க வேண்டுமா? அதற்கான பதில் இப்போது உருவாகிக்கொண்டிருக்கிறது. பிளான்டயரில் உள்ள மலாவி வணிக, பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்திலும், தான்சானியாவின் தார் எஸ் சலாம் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்திலும் ரைஸ் 360-உடன் சேர்ந்து வடிவமைப்புப் பட்டறைகள் நிறுவப்பட்டுள்ளன. அங்குள்ள மாணவர்கள் ஹூஸ்டனுக்கும் ரைஸ் மாணவர்கள் அங்கேயும் பயிற்சிக்குப் போய்வருகிறார்கள். மலாவி மாணவர் தன் கருவியில் நர்ஸுக்கு என்ன பிடிக்கவில்லை என்று தெரிந்துகொள்ள விமானம் ஏற வேண்டியதில்லை. குவீன் எலிசபெத் மருத்துவமனை அதே ஊரில்தான் இருக்கிறது. காலையில் மாற்றிய திருகை மாலையில் வார்டில் காட்டிவிட்டு வரலாம்.