குசாட்சு: அமில நீர் வளர்த்த ஊர்

ஜப்பானின் குன்மா மாகாணத்தில், குசாட்சு-ஷிரானே எரிமலையின் சரிவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் அமைந்த குசாட்சு, அந்நாட்டின் புகழ்பெற்ற வெந்நீர் ஊற்று ஊர்களுள் ஒன்று. நிலத்தடியிலிருந்து 25 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ வெப்பத்துடன் வெளிவரும் நீரையும், குறிப்பிட்ட கனிமங்களுள் ஒன்றையேனும் வரையறுத்த அளவில் கொண்ட நீரையும் 1948ஆம் ஆண்டின் ஜப்பானியச் சட்டம் 'ஒன்சென்' என ஏற்கிறது. குசாட்சுவின் ஊற்றுகளோ பெரும்பாலும் 50 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்துடனும், எலுமிச்சைச் சாற்றின் புளிப்புக்கு நிகரான அமிலத்தன்மையுடனும் பொங்குகின்றன. எரிமலையின் ஆழத்திலிருந்து எழும் கந்தக வாயுக்களும் ஹைட்ரஜன் குளோரைடும், மழையும் உருகிய பனியும் மண்ணுள் இறங்கிச் சேர்ந்த நீரில் கரைவதே இதற்குக் காரணம். வெள்ளி நகை இந்நீரில் கறுத்துவிடும், இரும்பு ஆணி நாளடைவில் கரைந்து மெலியும்.

இந்நீர் கலந்த ஆறுகளில் மீன்கள் வாழ முடியவில்லை. கான்கிரீட் பாலத் தூண்களும் அரிக்கப்பட்டன. எனவே 1964 முதல் ஊருக்குக் கீழே ஒரு நிலையம் இரவு பகலாகச் சுண்ணாம்புக் கல் தூளை நீரில் கரைத்து ஆற்றில் கலந்து, அமிலத்தைச் சமன்படுத்தி வருகிறது. பயணக் கையேடுகள் பலவும் இதைக் கடந்துசென்றாலும், ஊற்றின் வலிமையை உணர இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

ஊரின் நடுவே உள்ள யுபதாகே என்னும் ஊற்றுத் திடலில், நீண்ட மரத் தொட்டிகளின் வழியே நீர் ஓடி ஆறும்போது மஞ்சளும் வெண்மையுமாகப் படியும் கந்தகப் பொடி சுரண்டி எடுக்கப்பட்டு, வீட்டுக் குளியலுக்கென விற்கப்படுகிறது. எட்டாம் தோக்குகாவா ஷோகனான யோஷிமுனே இந்நீரை எடோ நகருக்கே வரவழைத்துக் குளித்தார் என்பது ஊரார் பெருமையுடன் சொல்லும் செய்தி. திடலின் இன்றைய வடிவம், 1970இல் ஒசாகா உலகக் கண்காட்சிக்குச் சூரியக் கோபுரத்தை அமைத்த ஓவியர் தாரோ ஒகமோட்டோவின் கைவண்ணம்.

கொதிக்கும் நீரில் இறங்குவது எப்படி? தண்ணீர் கலந்தால் மருந்து நீர்த்துவிடும் என்று கருதிய முன்னோர், நீண்ட பலகைகளால் நீரைப் புரட்டிப் புரட்டி ஆற்றும் 'யுமோமி' என்னும் முறையைக் கையாண்டனர். பின்னர் நோயாளிகள் கூட்டமாக, தலைவர் ஒருவரின் கட்டளைப்படி, தலையில் பலமுறை வெந்நீர் ஊற்றிக்கொண்டு, ஏறத்தாழ மூன்று நிமிடம் மட்டும் அசையாமல் அமிழ்ந்திருந்தனர். 'ஜிகான்-யு' எனப்பட்ட இந்த நேரக் குளியலில் அசைவு கூடாதென்பதற்குக் காரணம், அசைந்தால் சூடு மேலும் சுடும் என்பதே. இன்று நெட்சு-நோ-யு அரங்கில் பெண்கள் நாட்டுப்பாடலுடன் நிகழ்த்திக் காட்டும் யுமோமி கண்ணுக்கு இனியதே. ஆயினும் அது நோயாளிகளின் உழைப்பிலிருந்து பிறந்தது என்பது பார்வையாளருக்கு எளிதில் புலப்படுவதில்லை. 1876இல் டோக்கியோவில் மருத்துவம் கற்பிக்க வந்த ஜெர்மானியரான எர்வின் பெல்ஸ், குசாட்சுவின் நீரையும் மலைக்காற்றையும் ஆராய்ந்து அயல்நாடுகளுக்கு அறிமுகப்படுத்தினார்.

ஷிராஹாதா-நோ-யு போன்ற சில பொதுக் குளியலறைகளில் பயணிகளும் கட்டணமின்றிக் குளிக்கலாம். ஆடையின்றி, உடலை முன்பே கழுவிக்கொண்டு இறங்குவது மரபு; புதியவர் சில நிமிடங்களில் வெளியேறிவிடுவதே நலம்.

இந்நீர் தோல் நோய்களுக்கு மருந்தாகும் என்ற நம்பிக்கை தொழுநோயாளிகளையும் இங்கு ஈர்த்தது. அந்நோயை அது குணப்படுத்தவில்லை. 1887இல் அவர்களுக்கென யுனோசாவா என்னும் தனிக் குடியிருப்பு வகுக்கப்பட, 1916இல் அங்கு வந்த ஆங்கில மறைப்பணியாளர் மேரி கார்ன்வால் லீ தம் செல்வத்தைச் செலவிட்டு மருத்துவமனையும் பள்ளியும் நிறுவினார். 1932இல் அரசு அருகிலேயே குரியு ராக்குசென்-என் என்னும் காப்பகத்தைத் திறந்தபின் அக்குடியிருப்பு கலைக்கப்பட்டது. காப்பகத்துக்குள் 1938 முதல் 1947 வரை இயங்கிய தண்டனைச் சிறையில், வெப்பமூட்டும் வசதியற்ற இருட்டறைகளில், முறையான விசாரணை ஏதுமின்றி 93 பேர் அடைக்கப்பட்டு, அவர்களுள் 23 பேர் இறந்தனர். நோயாளிகளைப் பிரித்துவைக்கும் சட்டம் 1996இல்தான் நீக்கப்பட்டது. 2014இல் திறக்கப்பட்ட நினைவுக் காட்சியகம் அச்சிறையின் ஒரு பகுதியை உண்மை அளவிலேயே மீட்டமைத்துக் காட்டுகிறது. குசாட்சுவுக்குச் செல்வோர் வெந்நீருக்கு ஒதுக்கும் பொழுதில் ஒரு பகுதியை இதற்கும் ஒதுக்குவது தகும்.