தபாலில் வந்த துவக்கு

போர் ஓய்ந்தாலும் போர்க்கருவி ஓய்வதில்லை. இரண்டாம் உலக யுத்தத்தின் பின், படைகள் கழித்த துவக்குகள் அமெரிக்காவில் மலிந்து கிடந்தன. 1963 மார்ச்சில் ஒருவர், சஞ்சிகை விளம்பரப் படிவத்தைக் கத்தரித்துச் சிக்காகோக் கடையொன்றுக்கு அனுப்பினார். தொலைநோக்கி பூட்டிய இத்தாலியப் படைத்துவக்கின் விலை 19 டொலர் 95 சதம். தபாற்செலவு ஒன்றரை டொலர். வாங்குபவர் யாரென ஆராய்வாரில்லை. ‘ஹிடெல்’ என்ற பொய்ப்பெயரே போதுமாயிற்று.

அவ்வாண்டு நவம்பர் 22ஆந் திகதி டலஸ் நகரில் ஜனாதிபதி கென்னடியின் உயிரைக் குடித்தது அத்துவக்கே என்று விசாரணைக்குழு முடிவு செய்தது.

தனியாருக்கு மாநிலம் கடந்து தபாலில் துவக்கு விற்பதைக் கடைகளுக்குத் தடுத்த சட்டம் 1968இலேதான் வந்தது. இன்று அமெரிக்கப் படை கழித்த கராண்ட் துவக்கை அரசு அமைத்த நிறுவனத்திடம் வாங்குவோர், குடியுரிமைச் சான்றும் சங்க அங்கத்துவமும் காட்டி, குற்றப்பின்னணிச் சோதனையிலும் தேறவேண்டும்.

வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டும் என்பர் நம் முன்னோர். அங்கே வெள்ளம் வந்து ஐந்தாண்டுகள் சென்றே அணை எழுந்தது.